நாவுக்கும் விலங்கா?

சிறை என்பது காலுக்கு இடும் விலங்கு. குற்றம் செய்தான் என்று முடிவு கட்டப்பட்ட ஒருவனை ஊரினின்று பிரித்து மதிலுக்குள் வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டென்று சட்டம் சொல்கின்றது. அவன் நடக்கும் தொலைவை அது குறுக்கலாம். உண்ணும் வேளையையும் உறங்கும் வேளையையும் வரையறுக்கலாம். உழைப்பை வாங்கிக்கொண்டு குறைந்த கூலி கொடுக்கலாம். ஆனால், அவனை ஒரு தாய்க்கு மகன் அல்லன் என்றும், ஒரு மனைவிக்குக் கணவன் அல்லன் என்றும், ஒரு பிள்ளைக்குத் தந்தை அல்லன் என்றும் ஆக்கிவிட எந்தச் சட்டமும் எந்த அரசுக்கும் அதிகாரம் வழங்கவில்லை. வழங்கவும் இயலாது. ஏனெனில், அவ்வுறவுகளை அரசு படைக்கவில்லை.

இந்த எளிய உண்மையை உலகத்து அரசுகளெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டதாகத்தான் ஏடுகள் காட்டுகின்றன. ஆனால், ஏட்டில் ஒப்புக்கொண்டதை நாட்டில் மறுப்பதற்கு அவை கண்டுபிடித்துள்ள வழிகள் பல. அவற்றுள் மிகக் கொடியது எது, அது தமிழராகிய நமக்கு ஏன் உறைக்கவேண்டும் என்பதை எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

ஏட்டில் உள்ளவை

தில்லியில் காவலில் வைக்கப்பட்டிருந்த பிரான்சிசு கோரலி முல்லின் என்னும் அயல்நாட்டுப் பெண்மணி தொடுத்த வழக்கில், 1981 சனவரியில் இந்திய உச்சநயன்மன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. உயிர் வாழும் உரிமை என்பது விலங்கினைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் உரிமையன்று. மாந்த மதிப்போடு வாழும் உரிமை அது. காவலில் இருப்பவர் தம் குடும்பத்தாரையும் நண்பரையும் காண்பது அவ்வுரிமையின் ஒரு கூறு. திங்களுக்கு ஒரே ஒரு நேர்காணல் என்று கட்டுப்படுத்துவது செல்லாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

2015 திசம்பரில் உலக நாடுகளின் பொது அவை, இருபத்தேழு ஆண்டுகள் சிறையில் வாடிய நெல்சன் மண்டேலாவின் பெயரால் சிறை விதிகளை ஏற்றுக்கொண்டது. அவற்றின் 58ஆம் விதி, சிறைப்பட்டோர் தம் குடும்பத்தாரோடு குறிப்பிட்ட இடைவெளிகளில் நேர்காணல் வழியாகவும், மடல் வழியாகவும், தொலைபேசி முதலிய கருவிகள் வழியாகவும் தொடர்பு கொள்ள இடந்தரவேண்டும் என்கின்றது. 59ஆம் விதி, கூடுமானவரை வீட்டுக்கு அணிமையான சிறையிலேயே அவர்களை வைக்கவேண்டும் என்கின்றது.

தமிழ்நாட்டுச் சிறைகளிலும் தொலைபேசி வந்துவிட்டது. திங்களுக்கு மூன்று அழைப்பு, அழைப்புக்குப் பத்து நிமையம் என்றிருந்ததை அண்மை ஆண்டுகளில் பத்து அழைப்பு, அழைப்புக்குப் பன்னிரண்டு நிமையம் என்று உயர்த்தியுள்ளனர். முகம் பார்த்துப் பேசும் காணொளி அழைப்புக்கும் வழி செய்துள்ளனர். முப்பது நாளில் இரண்டு மணி நேரம்! போதுமா என்று கேட்டால் போதாது. ஆயினும் இல்லாமையினும் இது மேல்.

'கொலை செய்தவனுக்கும் கொள்ளையடித்தவனுக்கும் தொலைபேசி ஒரு கேடா?' என்று கேட்பாரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். தண்டனை பெற்றவன் அவன். அவன் தாய் எந்த நயன்மன்றத்தில் தண்டனை பெற்றாள்? அவன் மகள் எந்தச் சட்டப் பிரிவின்கீழ்க் குற்றவாளி ஆனாள்? உறவை அறுக்கும் தண்டனை மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கு மட்டும் விழுவதன்று. மதிலுக்கு வெளியே இருக்கும் குற்றமற்றவர்க்கும் சேர்ந்தே விழுகின்றது. குற்றமற்றவரைத் தண்டிப்பது முறையா என்பதே கேள்வி.

சரி, தொலைபேசி வந்தது. உறவு வாழ்ந்ததா? அங்கேதான் தொலைபேசிக்குப் பூட்டுகள் வந்தன. அவை மூன்று.

விலைப் பூட்டு

முதற்பூட்டு அமெரிக்காவில் செய்தது. அந்நாட்டுச் சிறைகளில் தொலைபேசியை நடத்துபவை தனியார் குழுமங்கள். ஒரு சிறைக்கு ஒரே குழுமம்; வேறெங்கும் போக வழியில்லை. அக்குழுமம் தான் பெறும் பணத்தில் ஒரு பங்கைச் சிறையை நடத்தும் அரசுக்கே கொடுத்துவந்தது. எனவே, கட்டணம் ஏற ஏற இருவர்க்கும் ஊதியம். பதினைந்து நிமையப் பேச்சுக்குப் பதினேழு தாலர் வரை கறந்த நாள்களும் இருந்தன என்பது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே 2013இல் ஒப்புக்கொண்ட செய்தி. பேரனோடு பேசுவதற்கு மிகுந்த கட்டணம் செலுத்திய மார்த்தா இரைட்டு என்னும் முதிய கறுப்பினப் பெண்மணி இதனை எதிர்த்து 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அவர் பெயராலேயே ஒரு சட்டம் 2023 சனவரியில் கையெழுத்தாயிற்று. ஒரு பாட்டியின் ஞாயமான கேள்விக்குச் சட்டம் விடை சொல்ல இருபத்திரண்டு ஆண்டுகள்! தாய்ப்பாசத்தை நிமையக் கணக்கில் விற்கும் இவ்வணிகம் இழிந்தது. ஆயினும், பணம் திரட்டினால் இப்பூட்டைத் திறந்துவிடலாம். அடுத்ததைப் பணத்தாலும் திறக்க முடியாது.

எல்லைப் பூட்டு

இரண்டாம் பூட்டு நம் வீட்டு வாயிலிலேயே தொங்கியது. இராசீவு காந்தி கொலை வழக்கில் வாழ்நாள் தண்டனை பெற்று வேலூர்ச் சிறையில் இருந்தவர் ஈழத்தமிழர் முருகன். அவர் தந்தையார் 2020 ஏப்பிரலில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். கொரோனாத் தொற்றினால் நேர்காணல்கள் நிறுத்தப்பட்டிருந்த நேரம் அது. அதற்கு ஈடாகச் சிறையாளர்கள் குடும்பத்தாரோடு காணொளியில் பேசுவதற்குக் கைப்பேசிகள் சிறைக்குள்ளேயே வந்திருந்தன. கருவி இருந்தது, காட்டுவார் அங்கே இருந்தனர், காண்பதற்கு மகன் இங்கே இருந்தான். ஆயினும், இறந்த தந்தையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயோடு காணொளியில் பேசவும் இடமில்லை. அவர் மனைவி நளினியின் தாயார் சென்னை உயர்நயன்மன்றத்தின் படியேற வேண்டியதாயிற்று. அரசு சொன்ன விடை என்ன? வெளிநாட்டு அழைப்புக்கு ஆணையில் இடமில்லை என்பது!

எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சிறை, தமிழ்நாட்டு அரசு, தமிழ் பேசும் சிறையலுவலர்கள், தமிழ் பேசும் மகன், தமிழ் பேசும் தாய். நடுவில் ஒரு நீரிணை. வேலூரிலிருந்து தில்லிக்குப் பேசினால் அது உள்நாடு. அதனினும் எத்தனையோ மடங்கு அருகில் உள்ள யாழ்ப்பாணத்துக்குப் பேசினால் அது வெளிநாடு! யாரோ வரைந்த எல்லைக்கோட்டைத் தாயின் குரலுக்கும் மகனின் செவிக்கும் நடுவிலே கொண்டுவந்து நிறுத்திய கொடுமையை என்னென்பது?

2022 நவம்பர் 11ஆம் நாள் உச்சநயன்மன்றம் அவ்வழக்கில் எஞ்சியிருந்த அறுவரையும் விடுவித்தது. ஆயினும், அவர்களுள் ஈழத்தமிழர் நால்வர்க்கும் விடுதலை கிட்டவில்லை. திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமிலே அடைக்கப்பட்டனர். அந்நால்வருள் ஒருவரான சாந்தன், தாயகம் திரும்ப இசைவு வந்தும், திரும்பாமலேயே 2024 பிப்பிரவரி 28ஆம் நாள் சென்னையில் உயிர்நீத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மகன் முகம் காணாதிருந்த தாய்க்கு உடலம்தான் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் அதன் பின்னர் 2024 ஏப்பிரலில்தான் அனுப்பி வைக்கப்பட்டனர். எல்லைப் பூட்டுக்குத் திறவுகோல் இருந்தது; திறக்கும் மனந்தான் இல்லை.

மொழிப் பூட்டு

மூன்றாம் பூட்டே எல்லாவற்றினும் கொடியது. பணமும் இருக்கும், எல்லைத் தடையும் இராது, தொலைபேசியும் கையிலே இருக்கும், மறுமுனையில் தாயும் காத்திருப்பாள். ஆயினும் பேச முடியாது. ஏன்? தாயின் மொழியில் பேசக்கூடாது!

இப்பூட்டைச் செய்தது துருக்கி. அந்நாட்டிலே குர்து இனத்தார் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்தம் மொழி துருக்கி மொழியின் கிளையன்று, முற்றிலும் வேறானது. 1980 செப்பிடம்பரில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1983இல் 2932 என்னும் எண்ணிட்ட சட்டத்தை இயற்றினர். துருக்கிக் குடிமக்களின் தாய்மொழி துருக்கியே என்று அச்சட்டம் எழுதி வைத்தது! ஒருவனுக்குத் தாய் யார் என்பதைச் சட்டம் போட்டு முடிவு செய்த விந்தை உலகில் வேறெங்கேனும் உண்டா? 1991இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இலைலா சானா என்னும் குர்துப் பெண்மணி, துருக்கி மொழியில் உறுதிமொழி எடுத்துவிட்டு, இரு மக்களின் உடன்பிறப்புணர்வைப் பற்றிக் குர்து மொழியில் ஒரு தொடர் சொன்னார். அவையே கொந்தளித்தது. 1994இல் அவருடைய உறுப்பினர்க் காப்பு பறிக்கப்பட்டது, சிறையிடப்பட்டார், 2004இல்தான் வெளிவந்தார். வழக்கேட்டில் குற்றத்துக்கு வேறு பெயர் எழுதியிருந்தனர்; உறுத்தியது எது என்பதை உலகம் அறியும்.

வெளியிலேயே இந்நிலை என்றால் சிறைக்குள் எப்படி இருந்திருக்கும்? 1980க்குப் பின் தியார்பக்கர் படைச்சிறை குர்தியரின் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. 'துருக்கியில் பேசு, மிகுதியாகப் பேசு' என்ற அறிவிப்பு அங்கே கண்ணிற்பட்டது. நேர்காணலுக்கு வந்த தாய்மார்களில் பலர்க்குத் துருக்கி ஒரு சொல்லும் தெரியாது. குர்து மொழியில் வாய் திறந்தால் அடி மகனுக்கு விழும். எனவே, தாயும் மகனும் கம்பிக்கு இருபுறமும் நின்று ஒருவரை ஒருவர் வாளா பார்த்துக்கொண்டே நேரத்தைக் கழித்தனர். மகனைக் காண்பதற்காக, 'எப்படி இருக்கிறாய்?' என்னும் பொருளுடைய ஒரே ஒரு துருக்கித் தொடரை மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஒரு தாய், தன் அச்சத்தையும் அன்பையும் அழுகையையும் அந்த ஒரே தொடரிலேயே மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பினாள் என்று அந்நாட்டில் இன்றும் சொல்கின்றனர்.

நேர்காணலிலாவது கண் பேசும், கை பேசும், கண்ணீர் பேசும். தொலைபேசியில் கண் ஏது? கை ஏது? அங்கே உள்ளது குரல் ஒன்றே. குரலுக்கு உயிர் மொழி ஒன்றே. மொழியைத் தடுத்துவிட்டால், தொலைபேசி செவியில் ஒட்டவைத்த வெறும் மரக்கட்டை. இதனால்தான் மூன்றாம் பூட்டைக் கொடியது என்கின்றோம்.

படையாட்சி போனபின்னும் இப்பூட்டுப் போகவில்லை. சிறையாளர் கிழமைக்கு ஒருமுறை பத்து நிமையம் தொலைபேசியில் பேசலாம். ஆனால் துருக்கி மொழியில்தான் பேசவேண்டும் என்று விதி இருந்தது. தமக்கோ தம் உறவினர்க்கோ துருக்கி தெரியாது என்று சிறையாளர் அறிவித்தால், அது மெய்தானா என்று அரசு உசாவி உறுதி செய்யும். அதன் பின்னரே பிறமொழியில் பேச விடும். சந்தையில் நாலு சொல் துருக்கியில் பேசத் தெரிந்த தாய், தன் மகனோடு தன் மொழியில் பேசும் உரிமையை இழந்தாள்! தெரிந்த மொழி வேறு, உறவாடும் மொழி வேறு என்னும் வேறுபாட்டை அவ்விதி அறியவில்லை. அல்லது, நன்றாக அறிந்தே அவ்வாறு செய்தது.

இதனை எதிர்த்து நுசுரத்து காயா என்பாரும் மற்றும் நால்வரும் ஐரோப்பிய மாந்த உரிமை நயன்மன்றத்திற்குச் சென்றனர். 2009இல் துருக்கி அவ்விதியைத் தளர்த்தியது. 2014 ஏப்பிரல் 22ஆம் நாள் அந்நயன்மன்றம் தீர்ப்புரைத்தது: தொலைபேசியில் குர்து மொழியில் பேசுவதற்கு இட்ட அத்தடை, குடும்ப வாழ்வை மதிக்கவேண்டும் என்னும் உரிமையை மீறியது. குர்து மொழியில் எழுதிய மடல்களை அனுப்ப மறுத்த சிறையலுவலர்களுக்கு எதிராகவும் அதே நயன்மன்றம் 2011 சனவரியில் தீர்ப்பு வழங்கியிருந்தது. மடலானாலும் தொலைபேசியானாலும் தாய்மொழியே உறவின் ஊடகம் என்பதை உலகம் அறிந்த ஒரு நயன்மன்றம் ஒப்புக்கொண்டது.

'எங்களுக்குப் புரியவில்லை'

இத்தடைக்கு அவ்வரசு சொன்ன கரணியம் ஒன்றே: காப்பு. சிறையாளர் பேசுவதைக் காவலர் கேட்கவேண்டும். புரியாத மொழியில் பேசினால் அவர் சூழ்ச்சி செய்கின்றாரா என்று எப்படி அறிவது?

காவலர் கேட்கவே கூடாது என்று யாம் சொல்லவில்லை. ஆனால், ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி தெரிந்த ஒருவரை அந்த நாட்டுச் சிறையில் அமர்த்த இயலாதா? பதிவு செய்துகொண்டு பின்னர் மொழிபெயர்க்க இயலாதா? ஐயத்திற்கு இடமான அழைப்பை மட்டும் ஆய்ந்தால் ஆகாதா? அரசுக்குப் புரியவில்லை என்றால் கற்றுக்கொள்ள வேண்டியது அரசு. மறக்க வேண்டியவள் தாய் அல்லள். ஆளப்படுவோர் மொழி தெரியாமல் ஆள வந்தவர்களின் அறியாமைக்கு எழுபது அகவைக் கிழவி ஏன் தண்டம் செலுத்த வேண்டும்?

உண்மையில் காப்பு என்பது போர்வை. அதை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது இன ஒடுக்கம். ஓர் இனத்தை அழிக்க நினைப்பவன் முதலில் அதன் மொழியைப் பொதுவிடத்திலிருந்து விரட்டுவான். பின்னர்ப் பள்ளியிலிருந்து விரட்டுவான். கடைசியில் தாயின் நாவிலிருந்தே விரட்டப் பார்ப்பான். சிறை அதற்கு வாய்ப்பான இடம். அங்கே எதிர்ப்பவன் கையில் விலங்கு கிடக்கும்.

இங்கே சிலர் எள்ளல் செய்வர்: 'துருக்கிக்காரன் குர்து எழுத்துகளைத் தடுத்ததும், நீங்கள் வடவெழுத்தை விலக்குவதும் ஒன்றுதானே?' என்பர். துருக்கி நெடுங்கணக்கில் இல்லாத குர்து எழுத்துகள் மூன்றை எழுதியவரைத் தண்டிக்கும் நிலை அங்கே 2014 வரை நீடித்தது மெய்யே. ஆனால் ஒப்புமை பொய். யாம் எம் வீட்டைப் பெருக்குகின்றோம். அவன் அடுத்தவன் வீட்டை இடித்தான். யாம் எம் மொழியில் கலந்ததை எம் விருப்பால் களைகின்றோம். அதற்காக எவரையும் சிறையில் தள்ளவில்லை, எவர் தாயின் வாயையும் மூடவில்லை. தன்மொழி காத்தலும் பிறர்மொழி பறித்தலும் ஒன்றென்பவன், உழவையும் கொள்ளையையும் ஒன்றென்பவன்.

நமக்கு உறைக்க வேண்டியவை

குர்தியர் துயரம் நமக்குப் புதுமையானதன்று. மொழிக்காகச் சிறை சென்று, சிறைப்பட்ட நிலையிலேயே 1939இல் உயிர்நீத்த நடராசனையும் தாளமுத்துவையும் தந்த இனம் இது. தாய்மொழிக்கும் சிறைக்கும் உள்ள தொடர்பை நமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

துருக்கியில் இருந்தது போன்ற விதி இங்கே ஏட்டில் இல்லை என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். ஏட்டில் இல்லாமையே போதுமான காப்பு ஆகிவிடுமா? இந்நாட்டின் குற்றச் சட்டங்களின் பெயர்களையே 'பாரதிய நியாய சங்கிதை' என்றும் பிறவாறும் வடமொழியில் சூட்டி, 2024 சூலை முதல் நாளிலிருந்து அனைவர் தலையிலும் சுமத்தியவர்கள் தில்லியில் ஆள்கின்றனர். எந்தச் சட்டத்தால் தண்டிக்கப்பட்டோம் என்பதைத் தன் மொழியில் சொல்லவும் ஒருவனை விடாதவர்கள், நாளை அவன் எந்த மொழியில் அழவேண்டும் என்றும் விதி செய்யமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

சவ்வாது மலையிலிருந்தும் பிற மலைகளிலிருந்தும் கூலிக்காகச் செம்மரம் வெட்டச் சென்ற தமிழர் எத்தனையோ நூற்றுவர் ஆந்திரச் சிறைகளைக் கண்டுள்ளனர். மரத்தைக் கடத்தி மாளிகை கட்டியவன் வெளியே இருக்க, கோடரி பிடித்தவன் உள்ளே இருந்தான். வழக்கேடு தெலுங்கில், காவலர் பேச்சு தெலுங்கில், வீடோ மலைமேல். அத்தகையோர்க்கு, தம் மொழியில் வீட்டோடு பேசும் ஒரு தொலைபேசி அழைப்பே வழக்குரைஞரையும் பிணையையும் தேடித்தரும் வழி. அது உரிமையாக எழுதப்பட வேண்டுமே அன்றிச் சிறைக் காவலரின் இரக்கத்தில் தொங்கலாகாது.

நாம் கேட்பது நமக்கு மட்டும் என்றால் அது ஞாயம் ஆகாது. தமிழ்நாட்டுச் சிறையில் கிடக்கும் வங்காளியும் ஒடியனும் பீகாரியும் தத்தம் தாயோடு தத்தம் மொழியில் பேசவேண்டும். 'உன் பேச்சுப் புரியவில்லை, தமிழில் பேசு' என்று நம் காவலர் ஒருவர் அதட்டினால், அவரும் நமக்குத் துருக்கிக்காரரே. இந்தித் திணிப்பை எதிர்ப்போம். இந்தி பேசும் ஒரு தாய் தன் மகனோடு பேசுவதை எதிர்க்கமாட்டோம். மொழியுரிமை என்பதன் பொருளை உணர்ந்தவன் தமிழன் என்பதற்கு அதுவே சான்று.

எனவே தமிழ்நாட்டு அரசை நோக்கி நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. சிறையாளர் தம் தாய்மொழியில் தொலைபேசியிலும் காணொளியிலும் மடலிலும் உறவாடும் உரிமையைச் சிறை விதியிலேயே வெளிப்படையாக எழுதுக.

2. உறவினர் கடல் கடந்து இருந்தாலும் அழைப்புக்கு இடந்தருக. சாவு, நோய் ஆகிய நிலைகளில் அன்றே இசைவு வழங்குக.

3. பேச்சைக் கேட்டறிய வேண்டுமெனின் அம்மொழி அறிந்தவரை அரசே தன் செலவில் அமர்த்துக. அதற்காக அழைப்பை நிறுத்தாதே.

4. பணம் இல்லாத சிறையாளர் வீட்டுக்குப் பேச விலையின்றி வழி செய்க.

5. பிற மாநிலச் சிறைகளில் உள்ள தமிழர்க்கு இவ்வுரிமை கிடைக்க அம்மாநில அரசுகளோடு பேசி உடன்பாடு காண்க. அவர்களைத் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றவும் முயல்க.

தமிழுணர்வாளர்களே! உங்கள் ஊரில் சிறைப்பட்டவரின் வீடு ஒன்று இருக்கும். பழியஞ்சி எவரும் அவ்வீட்டு வாயிலில் நிற்பதில்லை. அவ்வீட்டுத் தாய்க்கு அழைப்பு எப்போது வருகின்றது, எத்தனை நிமையம் பேச விடுகின்றனர், எந்த மொழியில் பேச விடுகின்றனர் என்று நேரிற் சென்று கேளுங்கள். அவளுக்கு எழுதத் தெரியாவிட்டால் முறையீட்டை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அந்த முறையீட்டைத் தூய தமிழில் எழுதுங்கள். விடையையும் தமிழிலேயே கேளுங்கள். மேடையில் முழங்கும் மொழிப்பற்று அவ்வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தாக வேண்டும். வருமாறு செய்வது உங்கள் கடன்.